பச்சைப்புள்ளிப் பேத்தை: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

வண்ண மீன் கடைகளில் ‘பஃபர்’ என்ற பெயரில் விற்கப்படும் பச்சைப்புள்ளிப் பேத்தை, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய குஞ்சாக, பெரும்பாலும் நன்னீர்த் தொட்டியில்தான் கிடைக்கிறது. ஆனால் அது நன்னீர் மீன் அன்று. இலங்கையிலிருந்து இந்தோனேசியா வரை, ஆறு கடலில் கலக்கும் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் நத்தையையும் நண்டையும் ஓட்டோடு நொறுக்கித் தின்று வாழும் வேட்டை மீன் இது. குஞ்சுப் பருவத்தில் நன்னீரைச் சில மாதங்கள் தாங்கிக்கொள்ளும். வளர வளர அந்தத் தாங்குதிறன் குறைந்துகொண்டே வரும். 15 செ.மீ. வரை வளர்ந்து, நன்றாகப் பராமரித்தால் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய இம்மீன் பல வீடுகளில் ஓராண்டைக்கூடத் தாண்டுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை நோயால் அல்ல, உப்பின்மையாலும் அழுக்கு நீராலும் மென்மையான உணவாலுமே இறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உங்கள் மீன் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முதுகில் மஞ்சள் கலந்த பச்சை நிறமும், அதன்மேல் தனித்தனியான வட்டக் கரும்புள்ளிகளும், வெண்மையான வயிறும் இருந்தால் அது பச்சைப்புள்ளிப் பேத்தை. இதன் அறிவியல் பெயர் டைகோடோமிக்டெரே நைக்ரோவிரிடிஸ். பழைய கட்டுரைகளில் டெட்ராடான் நைக்ரோவிரிடிஸ் என்று இருக்கும். பராமரிப்புக் குறிப்புகளைத் தேடுவோர் இரு பெயர்களிலும் தேட வேண்டும். முதுகெலும்பிகளிலேயே மிகச் சிறிய மரபணுத் தொகுதிகளில் ஒன்றைக் கொண்டது என்பதால் 2004-இல் அதன் வரைவு முழுவதும் வெளியிடப்பட்ட மீன் இதுதான். புள்ளிகளுக்குப் பதிலாக முதுகில் பெரிய ஒழுங்கற்ற திட்டுகள் இருந்தால், நம் கழிமுகங்களிலும் காணப்படும் அதன் உறவினமான ஃபுளுவியாடிலிஸ் ஆகலாம். கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். ஆப்பிரிக்க, அமேசான் நன்னீர்ப் பேத்தைகளுக்கு உப்பு பற்றிய எதுவும் பொருந்தாது.

மருந்தைத் தொடும் முன் அளக்க வேண்டியவை

பேத்தைக்குச் செதில்கள் இல்லை. மற்ற மீன்களுக்கு ஏற்ற அளவில் செம்பு மருந்தையோ ஃபார்மலின் கலந்த மருந்தையோ ஊற்றினால் நோய்க்கு முன் மருந்தே மீனைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் முதல் வேலை அளப்பதுதான்.

நீரின் ஒப்படர்த்தியை (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; தூய நீருக்கு 1.000, உப்பு கூடக் கூட இதுவும் கூடும்) ஹைட்ரோமீட்டராலோ ரிஃப்ராக்டோமீட்டராலோ அளக்கவும். குடிநீர் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. போர்வெல் நீரில் உள்ள சுண்ணாம்பையும் கடலுப்பையும் அது ஒரே கணக்கில் காட்டும். ஊசி ஆடும் வகை பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஊசியின்மேல் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் உள்ளதைவிட அதிக உப்பு இருப்பதாகக் காட்டும். அதனால் ஒருமுறை தட்டிக் குமிழை நீக்கிவிட்டுப் படிக்க வேண்டும். 5 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சுகளுக்கு 1.005 முதல் 1.008 வரையும், வளர்ந்த மீனுக்கு 1.012 முதல் 1.018 வரையும் இருப்பது நல்லது.

அடுத்து, மீன் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் நீரில் சேரும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய மூன்றையும் திரவ வகை டெஸ்ட் கிட்டால் பார்க்கவும். முதல் இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குள் (லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள்) இருக்கட்டும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.8 முதல் 8.4 வரை இருக்கலாம். வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. இந்த எண்களை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வைப்பவர்களால், மீன் சுணங்கும் நாளில், எது மாறியது என்று உடனே சொல்ல முடிகிறது.

வயிறு கருக்கிறது, நிறம் மங்குகிறது

இம்மீனின் உடல்நிலையை அறிய முதலில் பார்க்க வேண்டிய இடம் வயிறு. நலமாக இருக்கும்போது அது பால் வெள்ளையாக இருக்கும். சாம்பல் பூத்தாலோ, தொண்டையிலிருந்து வால்வரை கரும்படலம் படர்ந்தாலோ, மீன் எதையோ தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் உறங்கும்போதும் நிறம் மங்குவது இயல்பு. விளக்கைப் போட்ட உடனே பார்த்துவிட்டுக் கலங்க வேண்டாம், அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

அதன் பிறகும் கருமை நீடித்தால், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் முதலில் சோதியுங்கள். இரண்டில் ஒன்று சிறிதளவு இருந்தாலும், அதே ஒப்படர்த்தியும் அதே வெப்பமும் கொண்ட, குளோரின் நீக்கிய நீரால் மூன்றில் ஒரு பங்கை அன்றே மாற்றி, மறுநாளும் மாற்றி, உணவை இரண்டு நாள் நிறுத்துங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பி.எச். 7-இலிருந்து 8-க்கு உயரும்போது, மொத்த அம்மோனியாவில் நச்சுத்தன்மை மிக்க பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிறது. கடலுப்பு சேர்க்கும்போது பி.எச்.சும் ஏறுவதால், நன்னீரில் தீங்கின்றித் தோன்றிய அதே அளவு அம்மோனியா உவர்நீரில் மீனைத் தாக்கும். எனவே அழுக்கு நீரில் உப்பைக் கொட்டுவது தீர்வாகாது. நீரைச் சுத்தமாக்கிவிட்டே உப்பை ஏற்ற வேண்டும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருந்து ஒப்படர்த்தி 1.000-ஐ ஒட்டியிருந்தால் காரணம் தெளிவு: உப்பு போதவில்லை. கடல் மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் மரைன் சால்ட்டை வாங்குங்கள். சமையலறைக் கல் உப்பு சோடியம் குளோரைடு மட்டுமே தரும், பி.எச்.சை நிலைநிறுத்தும் கார்பனேட்டும் கால்சியமும் மக்னீசியமும் அதில் இல்லை. வாரத்துக்கு 0.002-க்கு மேல் ஒப்படர்த்தியை உயர்த்தக் கூடாது. 100 லிட்டர் தொட்டியில் அந்த அளவு உயர ஏறத்தாழ 300 கிராம் மரைன் சால்ட் தேவைப்படும். அதைத் தொட்டிக்குள் நேராகப் போடாமல், வாராந்திர நீர் மாற்றத்துக்கான வாளியில் கரைத்து, சில மணி நேரம் காற்றோட்டம் கொடுத்து, அளந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மீன் இதைவிட வேகமான மாற்றத்தையும் தாங்கக்கூடும். ஆனால் ஃபில்டரில் வாழ்ந்து அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தாங்கமாட்டா. அவை செத்தால் அம்மோனியா ஏறி, தீர்த்த சிக்கல் இரட்டிப்பாகத் திரும்பும்.

நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு ஆவியாவதில்லை. குறைந்த அளவை ஈடுசெய்ய உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றிக்கொண்டே வந்தால் கோடை முடிவதற்குள் ஒப்படர்த்தி நாம் எண்ணியதைவிட வெகுவாக ஏறியிருக்கும். சென்னை மெரினாவிலிருந்து கேனில் கடல் நீர் பிடித்து வரலாமா என்று பலர் கேட்கின்றனர். நகரத்தை ஒட்டிய கடற்கரை நீரில் கழிவு கலந்திருக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

உணவைத் தொடுவதில்லை

புதிதாக வாங்கி வந்த மீன் சில நாள் உண்ணாமல் இருப்பதில் வியப்பில்லை. கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் கழிமுகங்களில் பிடிக்கப்பட்டவை. மிதக்கும் குருணைத் தீனியை உணவென்று அவை அறியா. அதற்கு உயிருள்ள சிறு நத்தையே சிறந்த தொடக்கம். நத்தை ஒன்று கண்ணாடியில் ஊரத் தொடங்கியதும் பேத்தை அதன் எதிரே வந்து நின்று, இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சுழற்றி, வாலைப் பக்கவாட்டில் மடித்துக்கொண்டு, மார்புத் துடுப்புகளின் விசிறலாலேயே நீரில் அசையாமல் நிற்கும். நத்தையின் உணர்கொம்பு ஓட்டைவிட்டு வெளியே நீண்டதும் ஒரே பாய்ச்சலில் கவ்வும். ஓடு நொறுங்கும் சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்கும். இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர் இம்மீனுக்குக் குருணை போட மனம் கொள்ளார்.

நத்தையை வயலிலோ குளத்திலோ பொறுக்கி வர வேண்டாம். பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் கூடவே வரும். ராம்ஸ்ஹார்ன் நத்தை, பிளாடர் நத்தை ஆகியவற்றைத் தனி வாளியில் வளர்ப்பது எளிது. அவித்த கீரைத் தண்டும், ஓடு உறுதிப்பட ஒரு துண்டு கணவாய் ஓடும் போதும். கூம்பு வடிவ மலேசியன் டிரம்பெட் நத்தையின் ஓடு மிகக் கடினமானது; அதைக் கடித்தால் பேத்தையின் அலகு போன்ற பற்கள் உடையலாம், எனவே தவிர்க்கவும். இந்த நன்னீர் நத்தைகள் உவர்நீரில் நெடுநேரம் உயிர் வாழா. ஒரு வேளைக்குத் தேவையானதை மட்டும் போட்டு, மிச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும். கல்லிடுக்கில் செத்துக் கிடக்கும் நத்தைகளால் அம்மோனியா ஏறி, அதனால் மீன் உண்ண மறுக்க, பசியைத் தூண்டலாம் என்று மேலும் நத்தைகளைப் போடும் சுழல் பல தொட்டிகளில் நிகழ்கிறது.

முன்பு நன்றாகத் தின்ற மீன் திடீரென நிறுத்தினால் அணுகுமுறை வேறு. முதலில் நீரை அளக்கவும். நீர் சரியாக இருந்தால் மீன் உணவை நோக்கி வருகிறதா என்று கவனியுங்கள். வரவே இல்லை என்றால் வெப்பநிலை, அண்மைய உப்பு மாற்றம், உள்நோய் ஆகியவற்றை ஐயுற வேண்டும். ஆவலோடு வந்து, வாயால் தொட்டு, கவ்வ முயன்று, துப்பிவிட்டுத் திரும்பினால் பசி இருக்கிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. பல மாதங்களாக மார்க்கெட் இறாலையும் மட்டியையும் மட்டுமே பச்சையாகத் தின்று வந்த மீன் பசி இழந்து, நிலை தடுமாறி, சில வேளை வெட்டி இழுத்து நீந்தும். பச்சை இறாலிலும் பல மட்டி வகைகளிலும் தயமினேஸ் என்ற நொதி உண்டு; அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது. உறைய வைத்தாலும் அந்நொதி அழிவதில்லை, வேக வைத்தால் அழியும். இதற்குத் தீர்வு இறாலை விலக்குவது அன்று. நத்தை, நண்டுக் கால், சிறு மீன் துண்டு, கணவாய், கிரில் (இறால் போன்ற சிறு கடலுயிர்) எனச் சுழற்சியில் கொடுத்து, எந்த ஒன்றையும் அன்றாட உணவாக்காமல் இருப்பதே. பட்டறிவில் சொல்கிறேன், பேத்தைகள் பிடிவாதம் மிக்கவை. பிடித்த உணவுக்காக மற்றவற்றை மறுக்கும். நலமான வளர்ந்த மீனை மூன்று நான்கு நாள் பட்டினி போட்டபின் புதிய உணவைக் காட்டினால் பெரும்பாலும் ஏற்கும்.

அலகு நீண்டு வாய் மூடவில்லை

பேத்தையின் மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு பற்கள் ஒட்டிக் கிளி அலகு போல் அமைந்திருக்கும். அவை வாழ்நாள் முழுவதும் வளர்பவை. ஓட்டைக் கடித்துத் தேயாவிட்டால் உதட்டைத் தாண்டி நீளும். ஒரு கட்டத்தில் வாய் திறக்கவே இடமிராது. அரைத்த தீனியும் இரத்தப்புழுவும் மட்டுமே பெற்று வளர்ந்த மீன்களில் இது ஏறத்தாழ தவிர்க்க முடியாதது.

தொடக்க நிலையில், அதாவது அலகு உதட்டுக்கு வெளியே சற்றே தெரிந்தாலும் மீன் இன்னும் கவ்வுகிறது என்றால், கத்தரிக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டோடு கூடிய சிறு நத்தை, மூட்டில் நறுக்கிய நண்டுக் கால், தலையும் ஓடும் நீக்காத சிறு இறால், அரைத் திறந்த மட்டி ஆகியவற்றைக் கொடுத்தால் சில வாரங்களில் தேய்ந்து சீராகும்.

கவ்வவே முடியாத நிலையில் அலகை நறுக்குவது ஒன்றே வழி. மீன் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே முதல் பரிந்துரை. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் மீன் நலம் பற்றி அறிந்தோர் உள்ளனர். அருகில் இருப்போர் அங்கே விசாரிக்கலாம். அந்த வாய்ப்பு இல்லாத இடத்தில் அனுபவமுள்ள வளர்ப்போர் வீட்டிலேயே செய்கின்றனர். கிராம்பு எண்ணெயால் மீனை மயங்கச் செய்து வெட்டும் முறை பின்வருமாறு.

தொட்டி நீரிலேயே ஒரு லிட்டரைச் சிறு பாத்திரத்தில் எடுத்து அதில் மீனை விடவும். வேறொரு சிறு புட்டியில் சிறிது வெதுவெதுப்பான நீரும் ஓரிரு துளி கிராம்பு எண்ணெயும் விட்டுப் பால்போல் வெளுக்கும் வரை குலுக்கவும். எண்ணெயை நேராக மீன் பாத்திரத்தில் விட்டால் கலக்காமல் மிதந்து செவுளில் படியும். அந்தக் கலவையைச் சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பொறுத்து, ஊற்றுங்கள். மீன் பக்கவாட்டில் சாய்ந்து, தொட்டால் விலகாமல், ஆனால் செவுள் சீராக அசைந்துகொண்டிருக்கும் நிலை போதுமானது. செவுள் அசைவு நின்றுவரத் தொடங்கினால் உடனே சுத்தமான தொட்டி நீருக்கு மாற்றிவிட வேண்டும். ஈரத்துணியில் மீனை மெல்லப் பிடித்து, நகத்தோல் வெட்டும் கூரிய சிறு கத்தரியால், முதலில் மேல் அலகின் நுனியையும் பின்பு கீழ் அலகின் நுனியையும் சிறிது சிறிதாக வெட்டுங்கள். உதட்டுச் சதையையும் நாக்கையும் கத்தரி தொடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வெளிச்சம் பிடிக்க வேண்டும். நீருக்கு வெளியே அரை நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். முடிந்ததும் காற்றுக்கல் ஓடும் தொட்டி நீரில், வாயை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருந்தால் சில நிமிடங்களில் நிமிர்ந்துவிடும். அன்று உணவு வேண்டாம்; மறுநாள் மென்மையான இறால் துண்டு கொடுத்துப் பாருங்கள். கை நடுங்குபவர்கள் இதை முயல வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

நன்றாகத் தின்றும் மெலிகிறது

பேத்தையை மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின் உடல் குறுகாமல் இருக்க வேண்டும். வயிறு உள்வாங்கி, முதுகு கத்திபோல் தெரிந்தால், தின்னும் உணவு மீனுக்குச் சேரவில்லை. இயற்கைச் சூழலில் பிடிக்கப்பட்ட மீனில் குடற்புழு இருப்பது மிகவும் பொதுவானது. மலத்தையும் கவனியுங்கள்; வெண்மையாக, நூல்போல் நீண்டு தொங்கினால் ஐயம் வலுக்கிறது. லெவமிசோல், பிரசிகுவான்டல், மெட்ரோனிடசோல் என மருந்துகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஒட்டுண்ணிக்கானது. எது என்று அறியாமல் மூன்றையும் அடுத்தடுத்துக் கொடுப்பதால் நலிந்த மீன் மேலும் நலியும். புதிய மலத்தை நுண்ணோக்கியில் பார்க்கச் செய்து, மருத்துவர் சொல்லும் மருந்தை, தனித் தொட்டியில், இயன்றவரை உணவில் கலந்து கொடுப்பதே முறை.

எப்போதும் பசி என்று கெஞ்சுகிறது

இது நோய் அன்று. யாராவது அறைக்குள் நுழைந்தாலே பேத்தை கண்ணாடியருகே வந்து வால் ஆட்டும். சில நீரை உமிழவும் செய்யும். அந்தக் கெஞ்சலுக்கு இணங்கித் தினமும் மூன்று வேளை போட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து, நீரும் கெட்டுப்போகும். 5 செ.மீ. வரை நாளுக்கு ஒருமுறை, 10 செ.மீ. வரை ஒருநாள் விட்டு ஒருநாள், அதற்கு மேல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்பதே அளவு. வயிறு இலேசாக உருண்டதும் நிறுத்துங்கள். பந்துபோல் உப்பும் வரை காத்திருக்க வேண்டாம். உண்ட மறுநாள் வயிறு இறங்காமல் வீங்கியே இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் புடைத்தாலோ, அது உணவால் வந்ததன்று; மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணாடியோரம் இடைவிடாமல் மேலும் கீழும் நீந்துகிறது

புதிய தொட்டியில் முதல் ஓரிரு வாரம் இவ்வாறு நீந்துவது வழக்கம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், நீர் சரியாக இருக்கும் பட்சத்தில், இடம் போதவில்லை என்றோ ஆராய எதுவும் இல்லை என்றோ கொள்ளலாம். வளர்ந்த ஒரு மீனுக்கு 150 லிட்டரேனும் வேண்டும். மணல் தளம், குகை அமையும்படி அடுக்கிய கல், அலையாத்தி வேரைப் போன்ற மரக்கட்டை ஆகியவற்றை வைத்து, மாதம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். அறையைவிடத் தொட்டிக்குள் வெளிச்சம் அதிகமானால் தொட்டிச் சுவர் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஆகி, மீன் தன் பிம்பத்தை எதிரி என்று எண்ணி மோதும். பின்புறமும் பக்கங்களிலும் கருந்தாள் ஒட்டினால் அடங்கும்.

உடலில் வெண்புள்ளிகள், பொடி தூவியது போன்ற படலம்

இங்கே ஹைட்ரோமீட்டர் நோயையும் கண்டறிய உதவுகிறது. நன்னீரிலோ மிகக் குறைந்த உப்பிலோ இருக்கும் மீனின்மேல் ரவை தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணியால் வரும் நன்னீர் வெண்புள்ளி நோய். முறையான உவர்நீரில் அந்த ஒட்டுண்ணி நிலைப்பது அரிது. உப்பை மேற்சொன்ன வேகத்தில் உயர்த்தி, வெப்பத்தை 28 டிகிரியில் நிறுத்தினால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. ஆனால் 1.015-க்கு மேல் வைத்திருக்கும் தொட்டியில் புள்ளிகள் வந்தால் அது கடல் வெண்புள்ளியாக இருக்கலாம். அதற்கு நேர்மாறான வழி: ஒப்படர்த்தியை 1.009-க்குக் குறைத்து, நான்கு வாரங்களுக்குக் குறையாமல் அங்கேயே நிறுத்த வேண்டும். கழிமுகத்தில் பிறந்த பேத்தைக்கு இந்த இறக்கம் துன்பமே அன்று. ஏற்றுவதா இறக்குவதா என்று தெரியாமல் உப்பைத் தொடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

புள்ளிகளாக அன்றி, பொன்னிறப் பொடி தூவியதுபோல் தோல் மங்கி, மீன் வேகமாக மூச்சுவிட்டு, மணலில் உடலை உரசினால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அதன் கடல்வகை உவர்நீரிலிருந்து கடல்நீர் வரை தாங்கும் என்பதால் உப்பு விளையாட்டு இங்கே பலிக்காது. மருத்துவ உதவியை அன்றைக்கே நாடுங்கள்.

மேல்மட்டத்தில் மூச்சிரைக்கிறது

நீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் கரையும் என்றால் 32 டிகிரியில் 7.3 மட்டுமே, உப்பு சேரும்போது அதுவும் குறைகிறது. மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் வெந்நீரை அப்படியே மாற்றுநீராக ஊற்றியதும் மீன் தவித்தால் காரணம் தேட வேண்டியதில்லை. நீரை ஓரிரவு வாளியில் ஆற வைத்து, நீர்ப்பரப்பை நோக்கிச் சிறிய விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாதல் கூடுவதால் நன்னீர் ஈடுசெய்வதை மறக்காதீர்கள். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இன்றியமையாதது. பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி), மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாமல், உள்ளே தேங்கிய நாற்றநீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிவிட்டு இயக்குங்கள்.

உப்பிய நிலையில் மிதக்கிறது

அச்சத்தில் பேத்தை நீரை விழுங்கி உப்பும். சில நிமிடங்களில் தானே வடியும். அப்போது தொடாமல் விளக்கை அணைத்துவிட்டு விலகி நிற்பதே உதவி. விருந்தினருக்குக் காட்டுவதற்காகச் சீண்டி உப்ப வைப்பது மீனுக்குச் செய்யும் கொடுமை. வலையில் அள்ளி நீருக்கு வெளியே தூக்கினால் நீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும். அந்தக் காற்று சில வேளை வெளியேறாமல் மீன் வயிறு மேலாக மிதக்கும். அப்போது கையை நனைத்து, நீருக்கடியிலேயே மீனின் வாய் மேல்நோக்கியும் வால் கீழ்நோக்கியும் இருக்கும்படி மெல்லப் பிடித்து, இலேசாக அசைத்தால் குமிழ்கள் வாய்வழியே வெளிவரும். இடம் மாற்றும்போது வலைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் நீரோடு சேர்த்து முகந்து எடுத்தால் இந்த இடரே வராது. விரலை அலகின் அருகே கொண்டு செல்லாதீர்கள். நத்தை ஓட்டை நொறுக்கும் வாய் அது.

துடுப்பில் பிறைவடிவக் கடித்தடம், கண் மங்கல்

ஒன்றுக்கு மேற்பட்ட பேத்தைகளையோ வேறு மீன்களையோ சேர்த்து வைத்த தொட்டியில், வால் நுனியில் பிறைபோல் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் அது அழுகல் நோயன்று, கடி. சுத்தமான உவர்நீரில் துடுப்பு தானே வளர்ந்துவிடும். கடித்ததைப் பிரித்தால் போதும். குஞ்சுப் பருவத்தில் ஒற்றுமையாக இருந்தவை வளர்ந்தபின் சேராமல் போவது வழக்கம் என்பதால் ஒரு தொட்டிக்கு ஒரு பேத்தை என்பதே நான் சொல்லும் விதி. கடித்தடத்தின் ஓரம் வெண்பஞ்சுபோல் ஆனாலோ, சிவந்து நாளுக்கு நாள் உள்நோக்கி அரித்தாலோ மட்டும் தொற்று என்று கொள்ளவும்.

ஒரு கண் மட்டும் மங்கினால் கல்லில் மோதியதோ கடிபட்டதோ காரணம். கூரிய கற்களை எடுத்துவிடுங்கள். இரு கண்களும் ஒரே நேரத்தில் மங்கினால் நீர்தான் காரணம்: நைட்ரேட்டை அளந்து, 40-க்கு மேல் இருந்தால் நாளுக்கு நான்கில் ஒரு பங்காக மூன்று நாள் நீர் மாற்றி, ஃபில்டர் பஞ்சை அலசி, கல்லுக்கடியில் நத்தை ஓடுகளும் நண்டுத் துணுக்குகளும் அழுகிக் கிடக்கின்றனவா என்று குழாயால் உறிஞ்சிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கண் தெளியத் தொடங்க வேண்டும். தெளியாவிட்டால், எழுதி வைத்த நோட்டையும் ஒரு புட்டித் தொட்டி நீரையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.